பெயரை மறைத்துப் படித்தபோது

2004ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில், ஸ்டீவ் நாஷ் ஃபீனிக்ஸ் அணிக்குத் திரும்பிய சீசன் தொடங்கியபோது, நான் ஒரு கோடு போட்ட நோட்டை வாங்கி அதில் அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வின் ஆட்டங்களைப் பற்றிக் குறிப்பெழுத ஆரம்பித்தேன். அமெரிக்காவில் இரவில் நடக்கும் ஆட்டம் நமக்கு விடிகாலையில் வந்து சேர்வதால், வேலைக்குக் கிளம்பும் முன் பார்த்ததை இரண்டு மூன்று வரிகளில் எழுதி வைப்பேன். யார் எத்தனை புள்ளி எடுத்தார் என்பதை எங்கும் தெரிந்துகொள்ளலாம் என்பதால் அதை எழுத மாட்டேன். ஒருவர் எப்படி ஆடுகிறார் என்பதை மட்டும் என் சொற்களில் பதிவு செய்வதே நோக்கமாக இருந்தது. எட்டு ஆண்டுகளில் ஆறு நோட்டுகள் நிரம்பின. வேறெந்தப் பொழுதுபோக்கிலும் நான் இவ்வளவு நேர்மையாக உழைத்ததில்லை என்று நம்பியிருந்தேன். அந்த நோட்டுகளைக் குறித்து எனக்குள் ஒரு பெருமையும் இருந்தது.

கடந்த கோடை விடுமுறையில் அக்காவின் மகள் வீட்டுக்கு வந்திருந்தாள். கல்லூரி அணியில் ஆட்டத்தை வழிநடத்தும் பாயிண்ட் கார்டாக ஆடுகிறவள் என்பதால், நோட்டுகளை எடுத்துக் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். சிறிது நேரம் படித்தவள், ஆட்டக்காரரின் பெயரை விரலால் மறைத்துக்கொண்டு, வரியை மட்டும் வாசித்து, யார் என்று கண்டுபிடிக்க முயன்றாள். அந்த ஆட்டங்கள் நடந்தபோது அவள் சிறு குழந்தை. பாதிப் பெயர்களை அவள் கேள்விப்பட்டதே இல்லை. ஆகவே ஒருவரையும் அவளால் சொல்ல முடியவில்லை. பத்துப் பன்னிரண்டு வரிகளுக்குப் பிறகு அவள் தலையை நிமிர்த்தி, “பேர் தெரியல மாமா, ஆனா இவர் கறுப்பரா வெள்ளையரான்னு மட்டும் சொல்லட்டுமா?” என்று கேட்டாள். சொல் என்றேன். இருபது வரிகளை எடுத்தோம். பதினேழு வரிகளில் அவள் சொன்னது சரியாக இருந்தது.

அவள் அதை ஒரு வெற்றியாக எடுத்துக்கொண்டு சிரித்துவிட்டுப் போய்விட்டாள். நான் நோட்டுகளை மூடவில்லை. அன்றிரவும், அதற்குப் பிறகு பல வாரங்களும், அந்த ஆறு நோட்டுகளையும் முதல் பக்கத்திலிருந்து வாசித்தேன். துவைன் வேட் பற்றி “மின்னல், பிறவியிலேயே வந்த வேகம்” என்று எழுதியிருந்தேன். அமரே ஸ்டவுடமையர் பற்றி “இந்த உடம்பை இயற்கைதான் கொடுக்க முடியும்” என்று. நாஷ் பற்றி “தலையை நிமிர்த்தியபடியே ஆடுகிறார், மற்ற நால்வரும் அடுத்த நொடியில் எங்கே இருப்பார்கள் என்பது இவருக்கு முன்பே தெரிகிறது” என்று. டர்க் நொவிட்ஸ்கி பற்றி “இந்த ஒற்றைக்கால் ஷாட்டை எத்தனை ஆயிரம் முறை பயிற்சி செய்திருப்பார்!” என்று. ஒவ்வொரு வரியையும் தனியாக எடுத்துப் பார்த்தால் அதில் குற்றம் காண முடியாது. எல்லாமே பாராட்டுகள். எழுதிய ஒவ்வொரு முறையும் நான் மனமாரப் பாராட்டியே எழுதினேன். ஆனால் வரிசையாக வாசித்தபோது, வேட், ஸ்டவுடமையர் போன்ற கறுப்பினத்தவரின் ஆட்டத்தை உடம்பிலும் நாஷ், நொவிட்ஸ்கி போன்ற வெள்ளையரின் ஆட்டத்தை மூளையிலும் உழைப்பிலும் வைத்து, எட்டு ஆண்டுகளாக இரண்டு தனித்தனிப் பேரேடுகளை நான் எழுதிவந்திருப்பது தெரிந்தது.

மாற்றிச் சொன்ன மூன்று

சரியாகச் சொன்ன பதினேழைவிட அவள் தவறாகச் சொன்ன மூன்றுதான் என்னை அதிகம் துன்புறுத்தியது. முதலாவது இந்த வரி: “அவசரமே இல்லை. பலகையில் எந்த இடத்தில் பட்டால் பந்து வளையத்துக்குள் விழும் என்பதைக் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். பழைய காலத்து ஒழுங்கு.” வெள்ளையர் என்றாள். அவர் டிம் டங்கன். கரீபியக் கடலில் செயின்ட் குரோய் தீவில் பிறந்து, நீச்சல் வீரராக வேண்டும் என்று வளர்ந்து, 1989இல் வந்த ஹியூகோ புயல் தீவின் நீச்சல்குளத்தை அழித்த பிறகே கூடைப்பந்துக்கு வந்த கறுப்பினத்தவர். சான் அன்டோனியோவுக்காக ஐந்து முறை கோப்பை வென்றவர். இரண்டாவது வரி: “கட்டுக்கடங்காத ஆட்டம். முதுகுக்குப் பின்னாலிருந்து பாஸ் எங்கே போகிறது என்று அவருக்கே தெரியுமா என்பது சந்தேகம். தெருவில் கற்றது.” கறுப்பர் என்றாள். அவர் 2006இல் மயாமி கோப்பை வென்றபோது அந்த அணியின் பாயிண்ட் கார்டாக இருந்த வெள்ளையர் ஜேசன் வில்லியம்ஸ். அவருக்குச் சாக்ரமென்டோவில் ஆடத் தொடங்கிய காலத்திலேயே ‘வெள்ளைச் சாக்லேட்’ என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். ஒரு வெள்ளையர் வேறொருவருக்குச் சொந்தமான பாணியில் ஆடுகிறார் என்பதுதான் அந்தப் பெயரின் பொருள். அமெரிக்கர்கள் வெளிப்படையாகப் பெயராக வைத்ததை நான் குறிப்பாக எழுதியிருந்தேன், அவ்வளவுதான் வேறுபாடு.

ஆக, அவள் தவறிய இந்த இரு இடங்களிலும்கூட ஆளைப் பற்றித்தான் தவறினாளே தவிர, என் அகராதியைச் சரியாகவே படித்திருந்தாள். கணக்கு, ஒழுங்கு, பொறுமை என்றால் வெள்ளை. கட்டற்ற வேகம், தெரு, பிறவி என்றால் கறுப்பு. டங்கனை மெய்யாகவே கவனித்து எழுதிய அன்று நான் அறியாமலேயே அவரை மறுபக்கப் பேரேட்டில் சேர்த்திருந்தேன். மூன்றாவது வரிக்குப் பிறகு வருகிறேன்.

இந்த விளையாட்டை அவளுக்கும் முன்பே ஆய்வாளர்கள் விளையாடிப் பார்த்திருக்கிறார்கள் என்பதைப் பின்னர் அறிந்தேன். 1997இல் ஜெஃப் ஸ்டோன் முதலிய உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்களுக்கு ஒரு கூடைப்பந்து ஆட்டத்தின் வானொலி வர்ணனையைப் போட்டுக் காட்டி, மார்க் ஃபிளிக் என்ற ஆட்டக்காரரை மட்டும் கவனிக்கச் சொன்னார்கள். பாதிப்பேர் அவர் கறுப்பினத்தவர் என்று நம்பவைக்கப்பட்டார்கள். மீதிப்பேர் வெள்ளையர் என்று. எல்லோரும் கேட்டது ஒரே வர்ணனை. ஆனால் கறுப்பினத்தவர் என்று நம்பியவர்கள் அவருடைய உடல்திறனை உயர்வாக மதிப்பிட்டார்கள்; வெள்ளையர் என்று நம்பியவர்கள் அவருடைய ஆட்ட அறிவையும் முனைப்பையும் உயர்வாக மதிப்பிட்டார்கள். கண்ணால் பார்க்காத ஓர் ஆட்டத்தில், காதில் விழுந்த ஒரே சொற்களிலிருந்து, இரண்டு வேறு மனிதர்கள் உருவாகிவிட்டார்கள். நான் கண்ணால் பார்த்தவன். ஆகவே அவர்களைவிட எனக்கு அதிகம் தெரியும் என்று சொல்லிக்கொள்ள ஒரு கணம் தோன்றியது. என் நோட்டு அதற்கு இடம் கொடுக்கவில்லை.

அதே ஸ்டோன் 1999இல் வேறு சிலருடன் சேர்ந்து செய்த ஆய்வு இன்னும் ஆழமானது. கறுப்பின மாணவர்களிடமும் வெள்ளை மாணவர்களிடமும் ஒரே சிறு கோல்ஃப் ஆட்டத்தைக் கொடுத்தார்கள். இது விளையாட்டு அறிவைச் சோதிப்பது என்று சொன்னபோது கறுப்பின மாணவர்களின் ஆட்டம் சரிந்தது. இயல்பான உடல்திறனைச் சோதிப்பது என்று சொன்னபோது வெள்ளை மாணவர்களின் ஆட்டம் சரிந்தது. பார்ப்பவன் வாயிலிருந்து புறப்படும் சொல் ஆடுகிறவனின் கைவரைக்கும் போய்ச் சேர்கிறது.

‘பிறவி’ என்ற சொல்

என்னை நானே எதிர்த்து வாதாடிய நாள்களும் உண்டு. வேட் மின்னல் வேகத்தில் ஓடவில்லையா? ஓடினார். உடம்புகள் ஒன்றுபோல் இல்லை என்பதும், சிலருக்கு மற்றவர்களைவிட உயரமாகத் துள்ள முடியும் என்பதும் உண்மை. அதைச் சொன்னால் என்ன தவறு? சொன்னதில் தவறில்லை, சொன்னதோடு நான் பார்ப்பதை நிறுத்திக்கொண்டேன் என்பதுதான் தவறு. 2006 இறுதிச் சுற்றில் டல்லாஸுக்கு எதிராக வேட் அடித்த புள்ளிகளை இப்போது மறுபடியும் பார்க்கும்போது, அவர் முழு வேகத்தில் ஓடிய தருணங்களைவிட வேகத்தை நிறுத்திய தருணங்களே அதிகம் கண்ணில் படுகின்றன. ஓர் அரைநொடி தயங்கி நிற்பார். எதிரில் நிற்பவரின் எடை குதிகாலுக்கு மாறும். அந்தக் கணத்தில் கடந்துவிடுவார். அது படிப்பு. எதிராளியின் பாதத்தைப் படிக்கும் படிப்பு. நாஷ் அதையே செய்தபோது நான் அரைப் பக்கம் எழுதினேன். வேட் செய்தபோது ‘பிறவி’ என்ற ஒரு சொல்லை எழுதிவிட்டு நோட்டை மூடினேன். அதற்குமேல் விளக்குவதற்கு எதுவும் இல்லை என்று அந்தச் சொல் எனக்குச் சொல்லிவிட்டது.

நம் மொழியில் அந்தச் சொல்லின் கனம் நமக்குத் தெரியும். பறை இசைக்கும் ஒருவரைப் பாராட்ட நினைக்கும் எத்தனையோ பேர், அது அவர்கள் இரத்தத்தில் ஊறியது என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். சொல்கிறவர் அன்போடுதான் சொல்கிறார், ஆனால் அந்தக் கலைஞர் கற்ற ஆண்டுகளை ஒரே மூச்சில் இல்லாமல் ஆக்கிவிடுகிறார். அமெரிக்காவில் இதன் கொடிய வடிவம் 1988 ஜனவரியில் வெளியே வந்தது. சி.பி.எஸ். தொலைக்காட்சியின் விளையாட்டு விமர்சகர் ஜிம்மி ஸ்னைடர், கறுப்பினத்தவர் சிறந்த விளையாட்டு வீரர்களாக இருப்பதற்குக் காரணம் அடிமைக் காலத்தில் அவர்கள் அப்படி ‘இனப்பெருக்கம்’ செய்யப்பட்டதுதான் என்று பேட்டியில் சொன்னார். மறுநாளே வேலையிலிருந்து நீக்கப்பட்டார். அவரைப் போல நான் எதையும் நினைத்ததில்லை. ஆனால் அவர் சொன்னதன் முதல் பாதி என் நோட்டில் இருக்கிறது.

இந்த ‘பிறவி’ எவ்வளவு எளிதாக ஆள் மாறும் என்பதற்குக் கூடைப்பந்தின் வரலாறே சான்று. 1920களிலும் 30களிலும் நியூயார்க்கிலும் ஃபிலடெல்ஃபியாவிலும் இந்த ஆட்டத்தில் ஓங்கி நின்றவர்கள் யூதர்கள். தென் ஃபிலடெல்ஃபியாவின் ‘ஸ்பாஸ்’ அணி பெரும்பாலும் யூத இளைஞர்களால் ஆனது. பின்னாளில் என்.பி.ஏ. ஆக மாறிய லீகின் முதல் ஆட்டத்தில், 1946 நவம்பர் 1 அன்று டொரோண்டோவில், முதல் கூடையைப் போட்டவர் நியூயார்க்கின் ஆசி ஷெக்ட்மன் என்ற யூதர். அக்காலத்தின் பெயர்பெற்ற விளையாட்டு எழுத்தாளர் ஒருவர், சூழ்ச்சி மனமும் ஏய்த்துத் தப்பும் சாமர்த்தியமும் இந்த ஆட்டத்துக்குத் தேவைப்படுவதால்தான் இது யூதர்களுக்குப் பொருந்துகிறது என்று எழுதினார். காரணம் அதைவிட எளியது. நெருக்கமான நகரப் பகுதிகளில், இடமும் பணமும் இல்லாத பிள்ளைகளுக்கு ஒரு பந்தும் ஒரு வளையமும் போதுமாக இருந்தன. யூதக் குடும்பங்கள் அப்பகுதிகளை விட்டு மெல்ல வெளியேறின; தெற்கிலிருந்து வந்த கறுப்பினக் குடும்பங்கள் வடக்கு நகரங்களில் குடியேறின; வளையங்கள் அங்கேயே இருந்தன. 1950இல்தான் என்.பி.ஏ. முதல் கறுப்பின ஆட்டக்காரர்களைச் சேர்த்துக்கொண்டது. இன்று லீகில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினர் கறுப்பினத்தவர். யூதருக்குச் சூழ்ச்சி பிறவிக் குணம் என்று சொன்ன அதே ஆட்டத்துக்கு, ஒரு தலைமுறைக்குள், துள்ளல் பிறவிக் குணம் என்று சொல்லத் தொடங்கினார்கள்.

நான் பார்த்தும் பார்க்காத மனிதர்

மூன்றாவது வரி 2012 பிப்ரவரியில் எழுதியது: “வேகத்தில் குறைவுதான். மூளையால் ஈடுகட்டுகிறார்.” அக்கா மகள் வெள்ளையர் என்றாள். அவர் ஜெரமி லின். தைவானியக் குடும்பத்தில் கலிஃபோர்னியாவில் பிறந்து, ஹார்வர்டில் படித்து, அணிகள் புதிய ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2010இல், அறுபது பேரில் ஒருவராகவும் தேர்ந்தெடுக்கப்படாதவர். கோல்டன் ஸ்டேட் விடுவித்தது, ஹூஸ்டனும் விடுவித்தது, நியூயார்க் நிக்ஸ் காயங்களால் ஆளின்றித் தவித்தபோது ஆட வாய்ப்புக் கிடைத்தது. பிப்ரவரி 4 அன்று நியூ ஜெர்சிக்கு எதிராக 25 புள்ளிகள். 10ஆம் தேதி கோபி பிரையன்டின் லேக்கர்ஸுக்கு எதிராக 38. 14ஆம் தேதி டொரோண்டோவில் அரை நொடி மிச்சமிருக்கையில் போட்ட மூன்று புள்ளி ஷாட்டால் வெற்றி.

லேக்கர்ஸ் ஆட்டத்தை நான் சனிக்கிழமை விடிகாலையில் தொடக்கம் முதல் முடிவு வரை பார்த்தேன். இந்தக் கட்டுரைக்காக அதை மறுபடி பார்த்தபோது எனக்கு உடம்பு கூசியது. டெரெக் ஃபிஷரை எதிரில் நிறுத்தி, சுழன்று திரும்பி அவரைப் பின்னால் விட்டுவிட்டு வளையத்தை நோக்கி லின் போகிறார். அவருடைய முதல் அடியின் வேகத்தை எந்தக் குழந்தையும் காணலாம். அவர் வேகமாக ஓடி முன்னால் நிற்பவர்களைக் கடப்பதை என் கண் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, வேகம் குறைவு என்று என் கை எழுதியிருக்கிறது. ஆசிய முகம் கொண்ட ஒருவர், அதிலும் ஹார்வர்டில் படித்தவர், வேகமாக ஓடுவார் என்பதற்கு என் பேரேட்டில் பத்தியே இல்லை.

இதில் எனக்கு ஆறுதல் தராத ஆனால் தனிமையைக் குறைக்கிற ஒரு செய்தி உண்டு. ஹூஸ்டன் அணியின் பொது மேலாளராக இருந்த டேரில் மோரி, கண்ணைவிட எண்களை நம்புகிறவர் என்று பெயரெடுத்தவர். அவருடைய அணி தயாரித்திருந்த கணிப்பு முறை 2010இல் லின்னை டிராஃப்டின் முதல் சுற்றிலேயே எடுக்கத் தக்கவராகக் காட்டியது. ஆனால் பார்த்தவர்கள் யாருக்கும் அது நம்பும்படி இல்லை, எடுக்கவில்லை. பின்னர் ஆட்டக்காரர்களின் முதல் இரண்டு அடிகளின் வேகத்தை அளக்கத் தொடங்கியபோது, அளக்கப்பட்டவர்களிலேயே மிக விரைவான தொடக்கம் லின்னுடையதாக இருந்தது. தாமும் உட்பட எல்லோரும் அவருக்கு உடல்திறன் போதாது என்றே நினைத்ததாகவும், அவர் ஆசியர் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் தமக்குத் தோன்றவில்லை என்றும் மோரி பிற்பாடு வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். கோடிக்கணக்கான டாலர் பணயம் வைத்து, அதையே தொழிலாகச் செய்கிறவர்களின் கண்ணும் என் கண்ணைப் போலவே நடந்துகொண்டது.

இதற்கு எதிர்த்திசையில் ஒரு சான்றையும் சொல்ல வேண்டும். ஜோசஃப் பிரைஸ், ஜஸ்டின் வுல்ஃபர்ஸ் என்ற இரு பொருளியலாளர்கள் 1991 முதல் 2004 வரையிலான பதின்மூன்று சீசன்களை ஆராய்ந்து, நடுவர்கள் தம் இனத்தைச் சேராத ஆட்டக்காரர்கள்மீது சிறிதளவு அதிகமாக ஃபவுல் விதிக்கிறார்கள் என்று கண்டார்கள். 2007 மே மாதம் அது நாளிதழில் முதல் பக்கச் செய்தியானது. லீக் அதைக் கடுமையாக மறுத்தது. அதே ஆய்வாளர்கள் பின்னர் செய்தி வெளிவந்ததற்குப் பிந்தைய சீசன்களை ஆராய்ந்தபோது அந்தச் சாய்வு காணாமல் போயிருந்தது. இந்தச் செய்தியை நான் பலமுறை திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். ஒரு பெண் விரலால் பெயரை மறைத்துப் படித்தது எனக்குச் செய்ததை, ஒரு நாளிதழ் அந்த நடுவர்களுக்குச் செய்திருக்கும் என்று நம்ப விரும்புகிறேன்.

1987, ஐந்து நொடிகள்

இப்போது ஒவ்வொரு வார இறுதியிலும் பழைய ஆட்டம் ஒன்றைப் பார்க்கிறேன். கடந்த வாரம் பார்த்தது 1987 மே 26 அன்று பாஸ்டனில் நடந்த, கிழக்குப் பிரிவு இறுதிச் சுற்றின் ஐந்தாவது ஆட்டம். கூடைப்பந்து பார்க்கிறவர்கள் எல்லோரும் அறிந்தது. டெட்ராய்ட் ஒரு புள்ளி முன்னிலையில் இருக்கிறது. பாஸ்டனின் லாரி பேர்டின் ஷாட்டை டெட்ராய்டின் டென்னிஸ் ராட்மன் தடுக்கிறார். பந்து வெளியே போய் டெட்ராய்டுக்குக் கிடைக்கிறது. மீதி ஐந்து நொடிகள். டெட்ராய்டின் ஐசாயா தாமஸ் உள்ளே எறியும் பந்தைப் பேர்ட் பாய்ந்து பறிக்கிறார். அந்தத் தொடர் முடிந்து டெட்ராய்ட் தோற்றபோது, பேர்ட் வெள்ளையர் என்பதால்தான் அளவுக்கு மீறிப் புகழப்படுகிறார் என்று ராட்மன் சொன்னார். தாமஸும் அதை ஒட்டிப் பேசி நாடெங்கும் கண்டனத்துக்கு ஆளானார். தாமஸ் பின்னர் தந்த விளக்கத்தை அப்போது குறைவானவர்களே கேட்டார்கள்: பேர்ட் நன்றாக ஆடினால் யோசனை என்றும் உழைப்பு என்றும் சொல்கிறீர்கள், நாங்கள் ஆடினால் ஓடுவதும் குதிப்பதும் மட்டுமே எங்கள் வேலை என்பதுபோலப் பேசுகிறீர்கள் என்பதே அவருடைய குறை. பேர்டைப் பற்றி அவர் சொன்னது நியாயமில்லை என்று இன்றும் நினைக்கிறேன். தம் இனத்தவரைப் பற்றிச் சொன்னதற்கு என் ஆறு நோட்டுகளும் சாட்சி. அந்த ராட்மனே, பின்னாளில் தொடர்ந்து ஏழு சீசன்கள் ரீபவுண்டில், அதாவது கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பதில், முதலிடம் பெற்றவர். அதற்காக அவர் சக ஆட்டக்காரர்களின் ஷாட்டில் பந்து எத்தனை முறை சுழல்கிறது என்று பயிற்சி நேரத்தில் எண்ணிக்கொண்டிருந்ததைத் தாமஸ் சொல்லியிருக்கிறார். அவரைப் பற்றி என்னிடம் இருந்த சொல் ‘துள்ளல்’ மட்டுமே.

அக்கா மகளுக்கு அந்த ஐந்து நொடிகளை அனுப்பி, பேர்டைப் பார்க்காதே, மூன்றாம் எண் சட்டை போட்டவரை மட்டும் பார் என்று எழுதினேன். அவர் பேர்டின் அணியில் ஆடிய கறுப்பினத்தவர் டென்னிஸ் ஜான்சன். பந்து பறிபோகும் அந்தக் கணத்தில் அரங்கம் முழுவதும், இரு அணிகளும், பேர்டையே பார்த்துக்கொண்டிருக்கின்றன. பேர்ட் பந்தோடு கோட்டைத் தாண்டி விழப் போகிறார். யாரும் எதுவும் செய்யாவிட்டால் ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும். ஜான்சன் மட்டும், பேர்ட் திரும்புவதற்கு முன்பே, வளையத்தை நோக்கி ஓடத் தொடங்கிவிடுகிறார். பேர்ட் திரும்பிப் பார்க்கும்போது பாஸ் கொடுப்பதற்கு அங்கே ஓர் ஆள் இருக்கிறார் என்றால், அந்த ஆள் அதை முன்கூட்டியே எண்ணியதால்தான். பந்தை வாங்கி வளையத்தில் போடுகிறார். 108–107. கடிகாரத்தில் ஒரு நொடி.

அவள் பதில் அனுப்ப இரண்டு நாளாயிற்று. பயிற்சியில் அதை ஐந்து பேராக நின்று செய்து பார்த்தார்களாம். பந்தைப் பறிப்பது வந்துவிடுகிறது, அந்த ஓட்டத்தை எப்போது தொடங்குவது என்பதுதான் யாருக்கும் பிடிபடவில்லை, அவர் எப்போது முடிவெடுத்தார் மாமா என்று கேட்டிருந்தாள். ஒளிப்பதிவை மெதுவாக ஓட்டி, புதிய நோட்டில் நொடி நொடியாக எழுதிக்கொண்டிருக்கிறேன். ஜான்சனின் இடது கால் திரும்பும்போது பந்து இன்னும் பேர்டின் கைக்கு முழுதாக வந்து சேர்ந்திருக்கவில்லை என்பதுவரை வந்திருக்கிறேன்.